மதர்போர்டில் உப்பிய கெப்பாசிட்டர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1999 முதல் 2007 வரை உலகெங்கும் விற்ற கணினிகளில் ஏராளமானவை ஒரே நோயில் விழுந்தன. மதர்போர்டில் நிற்கும் அலுமினிய உருளைகள் தலை உப்பி, பழுப்பு நிறத்தில் கசிந்து, கணினியையே முடக்கின. அந்தக் காலத்துப் போர்டுகள் தொழிற்சாலை எந்திரங்களிலும் ஆய்வகக் கருவிகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் இந்தக் கேள்விகள் ஓயவில்லை.

கெட்டுப்போன கெப்பாசிட்டரைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துத் தகட்டைக் கழற்றுங்கள். புராசஸரைச் சுற்றியும் நினைவகத் தகடுகளுக்கு அருகிலும் வரிசையாக நிற்கும் உருளைகளின் தலையைப் பாருங்கள். நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக, ஏன், சற்று உள்வாங்கிக்கூட இருக்கும். கெட்டதன் தலை மேடாக எழும்பியிருக்கும். தலையில் கூட்டல் குறி போலவோ மூன்று கால் நட்சத்திரம் போலவோ கீறல் இருக்கிறதே, அது அலங்காரம் அல்ல. உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அந்தக் கீறல் வழியே பிளந்து வெளியேறட்டும் என்று வைத்த பாதுகாப்பு வாசல். அந்த வாசல் திறந்து, பழுப்பாகவோ துருப் போலவோ எதுவும் காய்ந்து படிந்திருந்தால் அந்தக் கெப்பாசிட்டரின் கதை முடிந்தது.

தலையை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். சில நேரம் வாயு அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பைத் தள்ளும். அப்போது தலை தட்டையாகவே இருக்கும். ஆனால் உருளை போர்டிலிருந்து லேசாக எழும்பியோ சாய்ந்தோ நிற்கும்.

ஓர் எச்சரிக்கை: பவர் சப்ளைக்குள் பெரிய கெப்பாசிட்டர்களின் அடியில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரியும் பிசின் பலமுறை கசிவு என்று தவறாக எண்ணப்படுகிறது. அதிர்வில் ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையில் இட்ட பசை அது. (வயதாகிக் கருத்துப்போனால் அந்தப் பசையே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும் என்பது வேறு தொல்லை.)

உப்பாத கெப்பாசிட்டர் எல்லாம் நல்லதுதானா?

இல்லை. சிறிய உருளைகளில் பலவற்றுக்கு அந்தக் கீறலே இருக்காது. அவை எந்த அடையாளமும் காட்டாமல் உலர்ந்துபோகும். பெரியவையும் உப்புவதற்கு முன்பே வலுவிழக்கலாம்.

சாதாரண மல்டிமீட்டரில் கொள்ளளவை மைக்ரோஃபாரட் கணக்கில் அளந்துவிட்டு "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்பவர்கள் உண்டு. அளவு குறைந்திருந்தால் கெட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். சரியாக இருந்தால் நல்லது என்று சொல்லிவிட முடியாது. மதர்போர்டில் உயிரான விஷயம் கெப்பாசிட்டரின் உள்தடை, அதாவது இஎஸ்ஆர். அதை அளக்க இஎஸ்ஆர் மீட்டர் வேண்டும். போர்டில் பல கெப்பாசிட்டர்கள் இணையாக இணைக்கப்பட்டிருப்பதால், கழற்றாமல் அளந்தால் கெட்டதன் குறையை அருகில் இருக்கும் நல்லது மறைத்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

என்னென்ன கோளாறுகள் தோன்றும்?

காரணமில்லாமல் கணினி மறுதொடக்கம் ஆகும். விளையாட்டோ காணொளியோ ஓடும்போது உறையும். சும்மா இருக்கும்போது நன்றாக இருக்கும். நினைவகச் சோதனையில் பிழை வரும். நினைவகத்தை மாற்றினாலும் பிழை போகாது. மிகத் தெளிவான அறிகுறி காலையில் தெரியும்: முதல் முறை பொத்தானை அழுத்தினால் விசிறி மட்டும் சுற்றும், நான்கைந்து முறை முயன்ற பிறகு கணினி எழும், பிறகு நாள் முழுவதும் ஓடும். குளிர்ந்த நிலையில் மின்பகுளியின், அதாவது உருளைக்குள் மின்சாரத்தைக் கடத்தும் திரவத்தின், கடத்துத்திறன் குறைந்து உள்தடை கூடுகிறது. சிறிது சூடேறியதும் தடை இறங்கி, கெப்பாசிட்டர் தன் வேலையைத் தட்டுத்தடுமாறிச் செய்கிறது. இந்த நிலையில் இருக்கும் கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவுவது வீண்வேலை. நிறுவும்போதே பாதியில் நின்றுபோவதும் உண்டு.

அந்த உருளைகள் அங்கே என்னதான் செய்கின்றன?

புராசஸருக்கு ஒன்றரை வோல்ட் அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் மின்னழுத்தம் வேண்டும். மின்னோட்டமோ பல பத்து ஆம்பியர். பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை மதர்போர்டில் இருக்கும் சுற்று நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடி, வெட்டி வெட்டிக் கீழிறக்குகிறது. அந்த வெட்டல்களைச் சமமாக்கி, புராசஸர் திடீரென்று அதிகம் கேட்கும்போது இருப்பிலிருந்து கொடுப்பது கெப்பாசிட்டர்களின் வேலை. வீட்டு மேல்நிலைத் தொட்டி போல: மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் குழாயில் நீர் சீராக வர வேண்டும்.

இந்தப் பணியில் ஒவ்வொரு உருளைக்குள்ளும் அலைமின்னோட்டம் ஓயாமல் உள்ளே போய் வெளியே வருகிறது. உள்தடை இருக்கும் இடத்தில் மின்னோட்டம் ஓடினால் சூடு. சூட்டால் மின்பகுளி உலரும். உலர்ந்தால் உள்தடை ஏறும். ஏறினால் இன்னும் சூடு. ஒரு கெப்பாசிட்டர் சரியத் தொடங்கினால் அதன் சுமை பக்கத்தில் இருப்பவற்றின் மேல் விழும். வரிசையில் ஒன்று உப்பியிருந்தால் மற்றவையும் தொடர்வது இதனால்தான்.

ஏன் குறிப்பாக 2000-களின் தொடக்கத்தில் இப்படி நடந்தது?

இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன.

முதலாவது, புராசஸர்களின் பசி. 1999-ல் பென்டியம் 3 ஏறத்தாழ 30 வாட் தின்றது. 2004-ல் வந்த பிரெஸ்காட் வகைப் பென்டியம் 4-களில் வேகமானவை 100 வாட்டைத் தாண்டின. மின்னழுத்தம் குறைந்து வாட் கூடினால் மின்னோட்டம் பலமடங்கு ஏற வேண்டும். பழைய வகைக் கெப்பாசிட்டர்களின் உள்தடை இதற்குத் தாங்காது. மிகக் குறைந்த இஎஸ்ஆர், அதுவும் மலிவாக, அதுவும் கோடிக்கணக்கில் வேண்டும் என்று மதர்போர்டு நிறுவனங்கள் கேட்டன.

இரண்டாவது, தண்ணீர். மின்பகுளியின் கடத்துத்திறனைக் கூட்ட மிக மலிவான வழி அதில் நீரைக் கூட்டுவது. வழக்கமான மின்பகுளிகள் எத்திலீன் கிளைக்கால் போன்ற கரைப்பானை முதன்மையாகவும் நீரைக் கொஞ்சமாகவும் கொண்டவை. 1990-களின் இறுதியில் ஜப்பானின் ரூபிகான் நிறுவனம் நீரை முதன்மையாகக் கொண்ட மின்பகுளியுடன் குறைந்த இஎஸ்ஆர் வரிசைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவ்வகை மின்பகுளிகளில் நீர் 70 சதவீதம் வரை இருக்கலாம்.

வேதியியல் படித்தவர்களுக்கு இங்கேயே ஆபத்து தெரிந்திருக்கும். அலுமினியம் இயல்பில் நீருடன் வினைபுரியும் உலோகம். மேலே இருக்கும் ஆக்சைடு படலம் மட்டுமே அதைக் காக்கிறது. கெப்பாசிட்டரில் அந்தப் படலம்தான் மின்காப்பு. அதன் தடிமன் ஒரு வோல்ட்டுக்கு ஒன்றரை நானோமீட்டருக்கும் குறைவு. ஆறு வோல்ட் கெப்பாசிட்டரில் படலம் எத்தனை மெல்லியது என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். நீர் அந்தப் படலத்தைத் தாக்கி, அடியில் இருக்கும் உலோகத்தைத் தொட்டால் அலுமினியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகும். உருளையின் தலையை உப்ப வைப்பது அந்த ஹைட்ரஜன்தான். நீர் இருந்தும் இது நடக்காமல் தடுக்க வேண்டுமென்றால் பாஸ்பேட் போன்ற தடுப்பான்கள் சரியான அளவில் வேண்டும். அவை நாளடைவில் தீர்ந்துவிடாமல் காக்கும் துணைப்பொருள்களும் வேண்டும். மின்பகுளி சற்று அமிலத்தன்மையுடன் இருக்க வேண்டும். நீரைக் கலப்பது யாருக்கும் எளிது. கலந்த நீரை அடக்கி வைப்பதில்தான் திறமை இருக்கிறது.

திருடப்பட்ட சூத்திரம் என்ற கதை உண்மையா?

2002-ல் மின்னணு உதிரிபாகத் துறை இதழ் ஒன்றிலும், 2003 பிப்ரவரியில் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் இதழிலும் இந்தக் கதை வெளிவந்து பரவியது. ரூபிகானில் பணியாற்றிய ஓர் அறிவியலாளர் அங்கிருந்து விலகிச் சீன நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். அங்கே அதே போன்ற மின்பகுளியை உருவாக்கினார். பிறகு அங்கிருந்த ஊழியர்கள் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு தைவானுக்குப் போய்விட்டார்கள். ஆனால் அவர்கள் கொண்டுபோனது முழுமையான சூத்திரம் அல்ல, முக்கியமான சேர்மானங்கள் விடுபட்டிருந்தன. கதையின் சுருக்கம் இதுதான். திருடனுக்குப் பாதிச் சூத்திரம் கிடைத்ததில் ஒரு நீதியும் இருப்பதால், கேட்டவர்கள் எல்லாரும் விரும்பி நம்பினார்கள்.

இந்தத் திருட்டை எந்த நீதிமன்றமும் உறுதிசெய்யவில்லை. ஆனால் மின்பகுளியில் குறை இருந்தது என்பது ஆய்வகத்தில் உறுதியானது. அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், உப்பிய கெப்பாசிட்டர்களுக்குள் ஹைட்ரஜன் இருந்தது தெரிந்தது. அவற்றின் மின்பகுளியின் பிஎச் அளவு 7-க்கும் 8-க்கும் இடையே, அதாவது காரப் பக்கம் சாய்ந்திருந்தது. அதே வகை ஜப்பானியக் கெப்பாசிட்டர்களிலோ அது 4-ஐ ஒட்டிய அமில நிலையில் இருந்தது. காரம் அலுமினியத்தைக் கரைக்கும் என்பதற்கு ஆய்வகம்கூடத் தேவையில்லை. அலுமினியப் பாத்திரத்தில் சலவைச் சோடா கரைத்துப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

என் கருத்து இது: கதை உண்மையோ பொய்யோ, அது ஒரு வசதியான கதை. பழி முழுவதையும் முகம் தெரியாத ஒரு திருடன் மேல் போட்டுவிடுகிறது. குறைந்த விலைக்குக் கிடைத்த புது வகைக் கெப்பாசிட்டரை, ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பார்க்காமல் லட்சக்கணக்கில் வாங்கிப் பொருத்தியவர்கள் அந்தக் கதையில் எங்கும் வருவதில்லை.

ஜப்பானியக் கெப்பாசிட்டர் என்றால் பயமில்லை என்கிறார்களே?

அந்த நம்பிக்கையை உடைத்த வழக்கு டெல் நிறுவனத்துடையது. 2003 முதல் 2005 வரை விற்ற டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ் 270, ஜிஎக்ஸ் 280 கணினிகளில் உப்பியவை ஜப்பானின் நிச்சிகான் தயாரித்த எச்எம், எச்என் வரிசைக் கெப்பாசிட்டர்கள். திருடிய சூத்திரத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பே இல்லை. உருளைக்குள் மின்பகுளியை அளவுக்கு மேல் நிரப்பிவிட்டார்கள் என்பதே இவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணம். பெயர்பெற்ற நிறுவனத்தின் ஆலையில் நிரப்பும் அளவு தவறினால், விளைவு போலிச் சரக்கிலிருந்து வேறுபடுவதில்லை.

2005-ல் இந்தப் பழுதுகளைச் சரிசெய்ய டெல் 30 கோடி டாலர் ஒதுக்கியது. முழு விவரம் வெளிவந்தது 2010-ல். அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த இணையச் சேவை நிறுவனம் ஒன்று 2007-ல் டெல் மீது வழக்குத் தொடுத்திருந்தது. அந்த வழக்கின் ஆவணங்கள் பொதுவெளிக்கு வந்தபோது, 2003 மே முதல் 2005 ஜூலை வரை 1 கோடியே 18 லட்சம் கணினிகள் இந்த ஆபத்துடன் அனுப்பப்பட்டிருந்தது தெரிந்தது. மூன்று ஆண்டுகளில் 97 சதவீதம் வரை பழுதடையலாம் என்று டெல்லுக்காகச் செய்த ஆய்வு ஒன்றே கணித்திருந்தது. வாடிக்கையாளரிடம் தாமாக இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று விற்பனையாளர்களுக்கு அறிவுறுத்தல் போயிருந்தது.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை தன் கணினிகள் பழுதாவதாகப் புகார் செய்தபோது, கடினமான கணக்குகளைப் போட வைத்ததால்தான் அவை பழுதாயின என்று டெல் விளக்கம் சொன்னதாக அந்த ஆவணங்கள் பேசின. கணினியில் கணக்குப் போட்டது குற்றமாம்! டெல்லுக்காக வாதாடிய சட்ட நிறுவனத்தின் அலுவலகத்திலும் இதே சந்தேகத்துக்குரிய கணினிகள் ஆயிரம் இருந்தன. அவற்றைச் சரிசெய்து தரவும் டெல் தயங்கியதாம்.

ஆகவே "ஜப்பான்" என்ற சொல்லை விட வரிசையின் பெயரே முக்கியம். நிச்சிகானின் மற்ற வரிசைகள் நல்லவை. நிப்பான் கெமி-கான் மதிப்புள்ள நிறுவனம். ஆனால் அதன் கேஇசட்ஜி வரிசையைப் போர்டில் கண்டால், உப்பாவிட்டாலும் மாற்றிவிடுவது பழுதுபார்ப்பவர்களின் வழக்கம்.

வேறு எந்த நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன?

ஏறக்குறைய எல்லாரும். ஆப்பிள், 2004 செப்டம்பர் முதல் 2005 ஜூன் வரை விற்ற ஐமேக் ஜி5-களில் சிலவற்றுக்கு இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது. எச்பி, ஐபிஎம் ஆகியவற்றின் கணினிகளிலும் உப்பியவை உண்டு. மதர்போர்டு நிறுவனங்களில், தைவான் கெப்பாசிட்டர்களால் தன் போர்டுகள் கெட்டன என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது ஏபிட் ஒன்றுதான். 1999-ல் இரண்டு செலரான் புராசஸர்களைப் பொருத்தலாம் என்று ஆர்வலர்களின் மனதைப் பிடித்த பிபி6 போர்டும் இந்த நோய்க்குத் தப்பவில்லை. ஒப்புக்கொண்டதற்குப் பரிசாக, வாங்கியவர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு வந்து சேர்ந்தது. வாய் திறக்காத மற்றவர்கள் புத்திசாலிகள் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சந்தை அவர்களைத் தண்டிக்கவில்லை.

உருளையின் மேல் "105 டிகிரி" என்றும் விவரத்தாளில் "2000 மணி" என்றும் இருக்கிறது. மூன்று மாதத்தில் கெட்டுவிடுமா?

2000 மணி என்பது 105 டிகிரி செல்சியஸில், முழு அலைமின்னோட்டச் சுமையில் தாங்கும் காலம். திரவ மின்பகுளி கொண்டவற்றுக்கு ஒரு கட்டைவிரல் கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். 75 டிகிரியில் 16,000 மணி. இடைவிடாமல் ஓடினால் இரண்டு ஆண்டுக்கும் குறைவு. 65 டிகிரியில் 32,000 மணி, மூன்றரை ஆண்டுக்கு மேல். 45 டிகிரியில் 1,28,000 மணி, பதினான்கு ஆண்டுக்கு மேல்.

புராசஸர் விசிறியின் அனல்காற்றுப் போன்ற மூச்சு நேராகப் படும் இடத்தில் கெப்பாசிட்டரை நிறுத்தியிருக்கும் போர்டுகளைப் பார்த்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கண்ட கணக்கு நல்ல கெப்பாசிட்டருக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் சேர்த்து. குறைபாடான மின்பகுளி உள்ளவை, அணைத்து வைத்திருந்தாலும் உள்ளுக்குள் வினைபுரிந்துகொண்டே இருக்கும்.

சென்னை, மதுரை வெயிலில் சீக்கிரம் கெடுமா?

அறை 25 டிகிரிக்குப் பதில் 35 டிகிரியில் இருந்தால் பெட்டிக்குள்ளும் ஏறத்தாழ அந்தப் பத்து டிகிரி கூடும். கணக்குப்படி ஆயுள் பாதி. தூசி அடைத்த விசிறியும் சுவரோடு ஒட்டி வைத்த பெட்டியும் இன்னும் சில டிகிரி சேர்க்கும். வெயிலை நம்மால் மாற்ற முடியாது. தூசியை மாதம் ஒருமுறை ஊதிவிடலாம்.

இப்போது வரும் போர்டுகளில் இந்தப் பிரச்சினை உண்டா?

மிகக் குறைவு. 2006, 2007 வாக்கில் தொடங்கி மதர்போர்டு நிறுவனங்கள் திட பாலிமர் கெப்பாசிட்டர்களுக்கு மாறின. இவற்றில் திரவமே இல்லை. மின்னைக் கடத்தும் பாலிமர் அந்த இடத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை இல்லாமல், வெள்ளி நிறத் தலையில் நிற எழுத்துகளோடு, பெரும்பாலும் கீறல் இல்லாமல் இருப்பவை இவை. இந்த வகையில் முன்னோடியான ஓஎஸ்-கான் கெப்பாசிட்டர்களை ஜப்பானின் சான்யோ 1983-லேயே விற்கத் தொடங்கிவிட்டது. விலைதான் இருபது ஆண்டுகளுக்கு மேல் சாதாரணப் போர்டுகளிலிருந்து அவற்றைத் தள்ளி வைத்தது.

பாலிமருக்கு ஆயுள் கணக்கும் வேறு: 20 டிகிரி குறைந்தால் பத்து மடங்கு. 105 டிகிரியில் 2000 மணி தாங்குவது 65 டிகிரியில் 2 லட்சம் மணி, அதாவது 22 ஆண்டுக்கு மேல் தாங்கும். விளம்பரங்களில் "50,000 மணி ஆயுள்" என்று பார்த்தால் எந்த வெப்பத்தில் என்று கேளுங்கள். 105 டிகிரியில் 5000 மணி என்பதையே 85 டிகிரிக்கு மாற்றினால் இந்த எண் வந்துவிடும். இரண்டும் ஒரே சரக்கு.

பவர் சப்ளை?

அங்கே திரவ வகை இன்னும் ஆட்சி செய்கிறது. அதிக மின்னழுத்தத்துக்கும் அதிகக் கொள்ளளவுக்கும் அதுவே மலிவு. மதர்போர்டில் உப்பியவற்றை மாற்றிய பிறகும் கோளாறு தொடர்ந்தால் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். பழைய மலிவு பவர் சப்ளைகளில் காத்திருப்பு 5 வோல்ட் சுற்றில் ஒரு சிறு கெப்பாசிட்டர் கெட்டால், மின்னழுத்தம் எகிறி நல்ல மதர்போர்டையே கொன்றுவிடும். கணினி அணைந்திருக்கும்போதும் இந்தச் சுற்று உயிரோடு இருப்பதால், இரவில் நன்றாக அணைத்த கணினி காலையில் எழாமல் போகும்.

ஆனால் அந்தப் பெட்டியைப் பழக்கமில்லாதவர்கள் திறக்கக் கூடாது. நம் 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் நேர்மின்னாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. கம்பியைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். மதர்போர்டில் 12 வோல்ட்டுக்கு மேல் எதுவும் இல்லை. அங்கே கைவைக்கப் பயப்பட வேண்டியதில்லை.

நானே மாற்றலாமா?

வானொலி, ஒலிபெருக்கி போன்றவற்றில் சால்டரிங் செய்து கைபழகியவர் என்றால் செய்யலாம். முதல் முறையாக சால்டரிங் இரும்பைப் பிடிப்பவர், தயவுசெய்து இறந்துபோன ஒரு போர்டில் பழகிவிட்டு வாருங்கள்.

கடினம் எங்கே என்றால், மதர்போர்டு பல அடுக்குகள் கொண்டது. கெப்பாசிட்டரின் எதிர்முனைக் கால், போர்டு முழுவதும் விரிந்திருக்கும் தாமிர அடுக்கோடு இணைந்திருக்கும். நீங்கள் கொடுக்கும் சூட்டை அந்தத் தாமிரம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சால்டர் உருகாது. 25 வாட் இரும்பு இங்கே உதவாது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய 60 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் நிலையமும் அகன்ற முனையும் வேண்டும். 2006-க்குப் பிறகு வந்த போர்டுகளில் பெரும்பாலும் ஈயமில்லாத சால்டர் இருக்கும். ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகும். இது உருக 217 டிகிரி வேண்டும். ஆகவே முதலில் பழைய இணைப்பின் மேல், சால்டர் நன்றாக உருகிப் பரவ உதவும் ஃபிளக்ஸ் தடவி, கொஞ்சம் ஈயச் சால்டரைச் சேர்த்து உருக்குங்கள். இரண்டும் கலந்து எளிதில் இளகும். பிறகு ஒரு காலைச் சூடாக்கிக்கொண்டே உருளையை மெல்ல ஒரு பக்கம் சாய்க்க வேண்டும், அடுத்து மறு காலை, இப்படி மாறி மாறி. இழுத்துப் பிடுங்கினால் துளையின் உள்சுவரில் இருக்கும் தாமிரக் குழல் கையோடு வந்துவிடும். உள் அடுக்கோடு இருந்த தொடர்பு அறுந்தால் போர்டு அதோடு போயிற்று. துளையில் மிஞ்சிய சால்டரைச் சூடாக்கி, துருப்பிடிக்காத எஃகு ஊசியால் வழி செய்யலாம். அந்த எஃகில் சால்டர் ஒட்டாது.

கழற்றும் முன் ஒவ்வொன்றும் எந்தத் திசையில் நிற்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். உருளையில் பட்டை இருக்கும் பக்கம் எதிர்முனை. போர்டில் அச்சிட்ட அரைவட்டத்தில் நிறம் நிரப்பிய பாதியும் பெரும்பாலும் எதிர்முனைதான். ஆனால் சில போர்டுகளில் அது தலைகீழ். படத்தை நம்புங்கள், அச்சை நம்பாதீர்கள். மாற்றிப் பொருத்தினால் சில நொடிகளில் வெடிக்கும்.

எதை வாங்குவது? எங்கே?

"1000 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட்" என்று மட்டும் கடையில் கேட்டால் பொதுப்பயன் கெப்பாசிட்டரைக் கொடுப்பார்கள், அதுவும் 85 டிகிரி வகையாக இருக்கக்கூடும். அது மதர்போர்டில் சில மாதங்கள்கூடத் தாங்காது. "குறைந்த இஎஸ்ஆர், 105 டிகிரி" என்று கேளுங்கள். வரிசையின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதன் விவரத்தாளில் இஎஸ்ஆரையும் அலைமின்னோட்ட அளவையும் பழைய வரிசையோடு ஒப்பிடுங்கள். பழையதை விட இஎஸ்ஆர் கூடாமலும் அலைமின்னோட்டம் குறையாமலும் இருக்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும். நல்லதும் கிடைக்கும் என்பதுதான் சிக்கல். பழைய போர்டிலிருந்து கழற்றியவையும், பெயர்பெற்ற நிறுவனத்தின் உறையை மாட்டிக்கொண்ட மலிவுச் சரக்கும் எந்த மின்னணுச் சந்தையிலும் கலந்தே இருக்கும். கால்கள் வெட்டப்பட்டோ சால்டர் தடத்தோடோ இருந்தால் வாங்காதீர்கள். பத்து இருபது ரூபாய் கூடினாலும் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் இணையத்தில் வாங்குவது என் விருப்பம். அளவையும் கவனியுங்கள்: 8 மில்லிமீட்டர் விட்டமுள்ளதன் கால்களுக்கு இடையே 3.5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 5 மில்லிமீட்டர்.

அதிக வோல்ட் உள்ளதைப் போடலாமா? பாலிமர் வகையைப் போடலாமா?

வோல்ட் கூடலாம், குறையக் கூடாது. இடம் போதுமா என்று மட்டும் பாருங்கள். கொள்ளளவு ஏறத்தாழ அதுவாகவே இருக்கட்டும். பாலிமர், புராசஸர் மின்சுற்றில் பொதுவாக நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் மின்னழுத்தச் சீராக்கிச் சில்லுகள் சில, ஓரளவு இஎஸ்ஆர் இருக்கும் என்று எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் வெளியீட்டில் மிகக் குறைந்த இஎஸ்ஆர் வந்தால் அலைபாயத் தொடங்கும். போர்டின் சுற்றுப்படம் கையில் இல்லாதபோது அதே வகையைப் போடுவதே பாதுகாப்பு.

கசிந்த திரவம் கையில் பட்டால்?

சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணில் படவிடாதீர்கள். போர்டில் படிந்ததை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அடியில் தாமிரக் கோடுகள் அரிக்கப்பட்டிருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

இருபது வயதுப் போர்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வீட்டுக் கணினி என்றால் வேண்டாம். அதற்குப் பதில் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்குவதே மேல். ஆனால் ஒரு பெரிய கடைசல் எந்திரத்தையோ ஆய்வகக் கருவியையோ இயக்கும் போர்டு என்றால் கணக்கே வேறு. அதில் பழைய ஐஎஸ்ஏ இணைப்பு அட்டை இருக்கும். அந்த மென்பொருள் புதிய கணினியில் ஓடாது. எந்திரத்தின் விலையோ லட்சங்களில். சில நூறு ரூபாய்க் கெப்பாசிட்டர்களால் அந்த எந்திரம் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அப்படிப்பட்ட இடங்களில் உப்பும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. மாற்றுப் போர்டு ஒன்றை அலமாரியில் வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள், அதையும் எடுத்துத் தலைகளைப் பார்க்கட்டும்.

1980, 90-களின் மெக்கின்டாஷ், அமிகா கணினிகளில் கசிவதும் இதே நோய்தானா?

இல்லை. அவை போர்டின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் குட்டி அலுமினியக் கெப்பாசிட்டர்கள். அவற்றில் பல, குவாட்டர்னரி அமோனியம் உப்பு கொண்ட மின்பகுளியைப் பயன்படுத்தின. அது நாளடைவில் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பை அரித்து வெளியேறும். தலை உப்பாது, ஓசையும் இருக்காது. அருகில் இருக்கும் சால்டர் இணைப்புகள் பளபளப்பு இழந்து மங்கியிருப்பதும், சால்டரிங் இரும்பு பட்டதும் மீன் நாற்றம் போன்ற வாடை எழுவதும்தான் அடையாளம். இவற்றில் கெப்பாசிட்டரை மாற்றுவதை விடக் கசிவைக் கழுவுவது அவசரமான வேலை. திரவம் இருக்கும் வரை தாமிரக் கோடுகளைத் தின்றுகொண்டே இருக்கும்.